முள் இறங்கிய நேரம்

என் பிள்ளைக்கு,

பொங்கலுக்கு நீ வருகிறாய். ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வரும்போது, உன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நானே ஓட்டிவந்து அங்கே நிறுத்தியிருந்தால், நான் இந்தப் பாளையங்கோட்டை வீட்டிலேயே இருக்கலாம். நிறுத்தியிருக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு உன்னோடு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்கு, வர வேண்டும். நமக்குள் ஆன பேச்சு இதுதான். அந்த வண்டிக்கு என்ன ஆயிற்று என்பதை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் முடியாது. நீ இடையில் ஒரு கேள்வி கேட்பாய், அதற்குப் பதில் சொல்லுகிற சாக்கில் நான் நழுவிவிடுவேன். இதை வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. தனியாக இருக்கும் தாயை என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கிற பிள்ளைகள் நம் தெருவிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

அந்தப் பேச்சு எப்படி வந்தது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். உன் அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு வந்திருந்தாய். சாஸ்திரிகள் போன பிறகு வண்டிக் கொட்டகைக்குப் போய், மேலே போட்டிருந்த துணியை விலக்கிவிட்டு, அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாய். நான் காப்பியைக் கொண்டுவந்தேன். "அப்பா போனதுக்கப்புறம் இந்த வீட்டுல ஒண்ணுமே ஓடலையேம்மா" என்றாய். "கிணத்து மோட்டார் ஓடல, மேல் ஃபேன் ஓடல, இதுவும் ஓடல. நீயும் கேட்டாச் சொல்ல மாட்டேங்கே." எனக்குச் சுருக்கென்றது. "இதை நான் ஓட்டுதேன்" என்றேன். "எதை?" என்றாய். "இதைத்தான்." நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்: "சரி, பொங்கலுக்கு நான் வரையில இதை ஓட்டிக்கிட்டு ஜங்ஷனுக்கு வா. வந்துட்டேன்னா பெர்த்துன்னு நான் வாயே தொறக்க மாட்டேன்." "வரலைன்னா?" "வரலைன்னா பெட்டியக் கட்டணும்." நீ விளையாட்டுக்குச் சொன்னாயோ என்னவோ, நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கான்வென்ட்டில் எங்களுக்கு முதலில் பழக்கியது அதைத்தான். ஒன்றை ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டதுதான்.

நீயும் அப்பாவும் கோயம்புத்தூரிலிருந்து அந்த வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய சாயங்காலம், "இதில் எனக்கு இடம் எங்கே?" என்றுதான் நான் கேட்டேன். மொத்தமே இரண்டு பேர் உட்காரும் வண்டி. "ஏலே, உங்கம்மா கேக்கா பாரு, பதில் சொல்லு" என்று அப்பா உன்னை மாட்டிவிட்டார். உன்னை அவர் 'ஏலே' என்று கூப்பிடுவதை நான் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன். இப்போது அந்தக் குரலைக் கேட்க முடிந்தால் போதும் என்றிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு என்னைப் பாபநாசம் கூட்டிப்போனாய். அவ்வளவு தாழ்வான வண்டி, பக்கத்தில் போகிற லாரிச் சக்கரத்தின் நடு மட்டத்தில்தான் என் கண் இருந்தது. வழி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். திரும்பும்போது கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் "ஓட்டிப் பாக்கியாம்மா?" என்று இறங்கிக் கதவைத் திறந்தாய். அன்று ஓட்டியதை யாரிடமும் நான் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் பிடித்திருந்தது.

குற்றாலம் போகிற வழியில் ஒருமுறை அது கொதித்தது ஞாபகம் இருக்கிறதா? அப்போது நீ பெங்களூரில் இருந்தாய், போனில் கேட்டதோடு சரி. அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. ஓரமாக நிறுத்தி, கைக்குட்டையை ரேடியேட்டர் மூடியின் மேல் போட்டுத் திருகினார். உள்ளே இருந்த வெந்நீர் பீய்ச்சி அடித்து, முழங்கை வரை தோல் வழன்றுபோயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டவர், "சார், அது தானா ஆறணும், நீங்க ஆத்தக் கூடாது" என்றார். உனக்கு நான் சொல்ல நினைக்கிற புத்திமதிகளில் இது ஒன்று. உன் வீட்டிலும் இரண்டு பேரும் வேலைக்குப் போய்க் களைத்து வருகிறீர்கள். எது சூடாக இருந்தாலும் உடனே மூடியைத் திறந்து பார்க்காதே. பக்கத்தில் நில், காத்திரு.

திதி முடிந்து நீ கிளம்பிய பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைக் கிளப்பி, கொட்டகையிலேயே சற்று நேரம் ஓடவிட்டேன். முதல் கோளாறு அப்போதுதான் கண்ணில் பட்டது. எவ்வளவு நேரம் ஓடினாலும் டெம்பரேச்சர் முள் கீழே இருந்து எழுந்திருக்கவில்லை. பின்னால் என்ஜின் மூடியில் கை வைத்தால் சுடுகிறது, முன்னால் முள்ளோ இன்னும் விடியவில்லை என்கிறது. உன்னைக் கூப்பிட்டேன். நீ வீடியோவில் வந்தாய். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் போனும் ஒரு கையில் டார்ச்சுமாக என்ஜினுக்குள் குனிந்து நின்றேன்.

"அம்மா, என் முகத்தைக் காட்டாத, என்ஜினைக் காட்டு."

"என்ஜினைத்தாம்ல காட்டுதேன்."

"அது உன் சேலை. இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். அந்தா, பித்தளை மாதிரி ஒண்ணு தெரியுதா? அதுல ஒரே ஒரு வயர் போகுதா? அதுதான் முள்ளுக்குச் சேதி சொல்லுற சென்சார். வயரைக் கழட்டி இரும்புல படுற மாதிரி சொருகி வை. சாவி ஆன்ல இருக்கட்டும். இப்பப் போய் முள்ளைப் பாரு."

போய்ப் பார்த்தேன். முள் துள்ளிச் சிவப்புக்கு ஓடிப்போய் நின்றது. பயந்துபோய் உன்னிடம் சொன்னால், நீ சந்தோஷப்படுகிறாய். முள் நன்றாக இருக்கிறது, வயரும் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் போய்விட்டது என்றாய். பிறகு ஏ.சி.யைப் போடச் சொன்னாய். வண்டியின் மூக்குக்குள், ரேடியேட்டருக்கு முன்னால், இரண்டு ஃபேன் இருக்கின்றன அல்லவா? ஒன்று சுற்றியது. இன்னொன்று சும்மா இருந்தது. "சென்சார் ஒண்ணு, ஃபேனுக்குக் கரண்டு விடுற ரிலே ஒண்ணு. ரெண்டையும் இங்கேருந்து அனுப்புதேன்" என்றாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவள் நான். எந்த லைன் செத்திருக்கிறது, எந்த முனையில் செத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக விலக்கிக் கண்டுபிடிக்கிற வேலை எனக்குப் புதிதில்லை. அன்று சாயங்காலம் நான் எவ்வளவு உற்சாகமாக இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. அப்பா போன பிறகு நாம் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

அவற்றைப் பொருத்துவதற்கு ஆள் வேண்டுமே. சமாதானபுரத்து மெக்கானிக் சுடலைமுத்துவைக் கூப்பிட்டேன். வந்ததும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "இது காரு இல்லம்மா, தவள" என்றான். அதன் பிறகு, உன் பெர்த் பார்சல் வருவதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம் என்று ஒரு யோசனையும் சொன்னான்.

"வெள்ளக்காரன் வச்ச வயரு பூராத்தையும் அத்துப் போட்டுட்டு, டேஷ்போர்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் வச்சிருதேன். சாவியப் போட்டீயன்னா ரெண்டு ஃபேனும் ஓடும். நிப்பாட்டினா நிக்கும். அம்புட்டுத்தான். தெர்மோஸ்டாட்டையும் கழட்டிக் கடாசிருவோம்."

"அது எதுக்கு இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"அதெல்லாம் பனி பெய்யுத ஊருக்கும்மா. இங்கன என்ன பனியா கொட்டுது? மே மாசம் வெயில்ல நாய்கூட நடக்க மாட்டேங்கு."

"ஒண்ணையும் அறுக்கக் கூடாது. எது எங்கன இருந்துதோ அது அங்கன இருக்கணும். தேவைப்படும்போது ஃபேன் தானா ஓடணும். நான் ஓட்டி ஓடக் கூடாது."

"அம்மா பிரிட்டிஷ்காரி மாதிரில்லா பேசுதீய."

"நீ தையல்காரன் மாதிரி பேசுதே. எதை எடுத்தாலும் வெட்டணும்."

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். உன்னிடம் சொன்னபோது நீயும் என் பக்கம்தான் நின்றாய். "வயரை அறுத்து டைரக்ட் பண்ண மட்டும் விட்டுராதம்மா" என்றாய். பார்சல் வந்தது. சுடலைமுத்து வந்து சென்சாரை மாட்டினான். வண்டியைக் கிளப்பிவிட்டு நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முள் பைய அசைந்தது. அசைந்து, எழுந்து, நடுவில் வந்து நின்றது. நான் குழந்தைபோல ஹாரனை அடித்தேன். எதிர்வீட்டு அம்மாள் என்னவோ ஏதோவென்று மாடியில் எட்டிப் பார்த்தாள். ரிலேயும் மாற்றியாயிற்று. முள் நடுவைத் தாண்டியதும் முன்னால் இரண்டு ஃபேனும் ஒரே நேரத்தில் இரைந்தன. மறுபடி நடுவுக்கு வந்தது, ஃபேன் நின்றது. மறுபடி ஏறியது, ஓடியது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடலைமுத்துகூட, "பெர்த்து சாமான் பெர்த்து சாமான்தாம்மா" என்றான். அன்றைக்கே பேச்சில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பொங்கலுக்கு எந்தச் சேலை கட்டிக்கொண்டு ஜங்ஷனுக்கு வருவது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

அடுத்து ஆயுத பூஜை வந்தது. அப்பா இருந்தபோது வண்டிக்கு எப்படிச் செய்வார் என்று உனக்குத் தெரியும். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மூக்கின் குறுக்கே கனமாக ஒரு மாலை. நான் எதையும் குறைக்கவில்லை. பூக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவைத்தேன். செவ்வந்தியும் அரளியும் கலந்திருக்க வேண்டும், பிளாஸ்டிக் நூலில் கட்டக் கூடாது, வாழைநாரில்தான் கட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். "நூல்னா என்னம்மா, பூ பூதானே" என்றார். "நூல்னா வேண்டாம்" என்றேன். நனைத்த நாரில் நெருக்கமாகக் கட்டிய நல்ல மாலை. வண்டியின் முன்வாய் அகலமாகத் திறந்திருக்கிறது, கம்பி வலைகூடக் கிடையாது. மாலையின் இரண்டு முனைகளையும் அந்த வாய்க்குள் விட்டு, உள்ளே இருக்கிற ஒரு சட்டத்தில் முடிந்தேன். பூஜை நன்றாக நடந்தது. சுண்டல் கொடுத்தேன். வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன்.

மறுநாள் விஜயதசமி. சேரன்மகாதேவி பாலம் வரை ஓட்டிப்பார்த்துவிட்டு, வரும் வழியில் பத்தமடையில் உனக்கு ஒரு பாய் வாங்கிவரலாம் என்று கிளம்பினேன். மாலையோடு ஓட்டிக்கொண்டு போக நான் ஒன்றும் லாரிக்காரி இல்லை. கத்தரிக்கோலால் இரண்டு பக்கமும் வெட்டி மாலையை எடுத்து வேப்பமரத்தடியில் போட்டேன். வெட்டிய இடத்துக்கு அந்தப் பக்கம், உள்ளே, நாரின் முனைகளும் முடிச்சும் நின்றிருக்கின்றன. அவை எவ்வளவு நீளம் என்று குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. சென்சாரைப் பார்த்தேன், ரிலேயைப் பார்த்தேன், தண்ணீர் மட்டம் பார்த்தேன். காலைக் குளிர்ச்சியில் ஃபேன் ஓடவேண்டிய அவசியமும் வரவில்லை.

மேலப்பாளையத்தில் கூட்டம். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. முள் நடுவைத் தாண்டியது. சரி, இப்போது ஃபேன் ஓடும் என்று காது கொடுத்தேன். சுற்றிலும் ஹாரன் சத்தம், ஒன்றும் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். கூட்டம் விலகி வேகம் எடுத்ததும் கொஞ்சம் இறங்கியது, அதனால் தைரியம் வந்தது. ஊரைத் தாண்டிய பிறகு மறுபடி ஏறிற்று. முக்கால் வரை வந்ததும், ஹீட்டரைப் போட்டால் என்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும் என்று நீ சொல்லியிருந்தது ஞாபகம் வந்து அதைப் போட்டேன். முகத்தில் அனல் அடித்தது, வேர்த்துக் கொட்டியது. அடுத்த மரத்தடியில் நிறுத்தலாம் என்று பார்த்துக்கொண்டே போனேன். அப்போது பைக்கில் இரண்டு பேர் பக்கத்தில் வந்து எதையோ கத்தினார்கள், கையைப் பின்னால் நீட்டி நீட்டிக் காட்டினார்கள். அந்த வண்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் யாராவது ஏதாவது கத்தத்தான் செய்வார்கள். கிழவி ஓட்டுகிறாள் என்றால் கேட்கவே வேண்டாம். நான் முகத்தைத் திருப்பவில்லை. என்ஜின் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அங்கே வெண்புகையாக ஆவி போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. உன்னைப் பார்த்துக் கத்துகிறவர்கள் எல்லோரும் கேலி செய்கிறவர்கள் என்று எண்ணிவிடாதே. இது இரண்டாவது புத்திமதி.

இனி நடந்ததைத்தான் என்னால் திரும்பத் திரும்ப நினைக்காமல் இருக்க முடியவில்லை. முள் இறங்கியது. முக்காலில் நின்றது நடுவுக்கு வந்தது, நடுவிலிருந்து இன்னும் கீழே வந்தது. முகத்தில் பட்ட அனலும் அடங்கி, ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வர ஆரம்பித்தது. நான் வாய்விட்டு முருகா என்றேன். ஃபேன் இரண்டும் ஓடத் தொடங்கிவிட்டன, கண்டம் கழிந்துவிட்டது என்று நினைத்தேன். நிறுத்த நினைத்த மரத்தடியைக் கடந்து போனேன். போனை எடுத்து, "எல்லாம் சரியாயிட்டு" என்று உன்னிடம் சொல்லவேண்டும்போல இருந்தது. பிறகு பின்னால் இரும்பை இரும்பால் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். வண்டி மூச்சுமுட்டியதுபோல இரண்டு முறை இழுத்து, வயல் ஓரமாகத் தானே நின்றது. திரும்பச் சாவியைத் திருகினால் ஒரு சலனமும் இல்லை. முள் கீழே, வெள்ளிக்கிழமைகளில் பார்த்த அதே இடத்தில், சமர்த்தாக இருந்தது.

பிசானப் பட்டத்து நெல்லுக்கு உழுதுகொண்டிருந்த டிராக்டர்க்காரர் இறங்கி வந்தார். "ஏம்மா, இது என்ன வண்டி, தரையோட தரையாப் படுத்துல்லா கெடக்கு?" என்றார். பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "உள்ள அடுப்புல்லா எரியுது! தண்ணி சொட்டுகூட இல்லாமலா ஓட்டிட்டு வந்தீய?" என்றார். "முள் கீழதான் இருக்கு" என்றேன். அவருக்கு அது புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். மேலப்பாளையம் கடைத்தெரு முழுக்க, டிராக்டருக்குப் பின்னால், தரையோடு தரையாக, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்து வந்தேன். இறங்கி நடந்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

சுடலைமுத்து வண்டியின் மூக்கைக் கழற்றி உள்ளே கையை விட்டான். வெளியே எடுத்தபோது அவன் விரல்களில் கறுத்துப்போன நாரும், நாலைந்து செவ்வந்தி இதழும் இருந்தன. "அம்மா, ஃபேன் தண்டுல பூல்லா சுத்திக் கெடக்கு" என்றான். ஒரு ஃபேனின் முனையில் சுற்றிய நார் பக்கத்து ஃபேனையும் இழுத்துக் கட்டியிருக்கிறது. இரண்டும் நின்று, ஃபியூஸும் போய்விட்டது. "நான் டைரக்ட் பண்ணியிருந்தாலும் இது நின்னுதாம்மா இருக்கும்" என்று அவனாகவே சொன்னான். என்னை ஆறுதல் படுத்துவதற்காகச் சொன்னான் என்று நினைக்கிறேன். முள் ஏன் இறங்கியது என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, "அது அப்படித்தாம்மா, பயந்துரும்" என்றான். நானே உட்கார்ந்து யோசித்துத்தான் கண்டுபிடித்தேன். சென்சார் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் எல்லாம் ஆவியாகிப் போய்விட்டால் அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஹீட்டர் குளிர்ந்ததும் அதனால்தான், அதற்குள் ஓட வெந்நீர் இல்லை. ஆகவே, ஒரு கஷ்டம் தானாகவே அடங்கியதுபோலத் தெரிந்தால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் நிறுத்திப் பார். என்ஜினின் தலைப்பாகம் கோணிவிட்டது, உள்ளே பிடித்துக்கொண்டது, வெளியே எடுத்தாலும் மாற்றுவதற்குச் சாமான் எங்கும் இல்லை என்றான் சுடலைமுத்து. கோயம்புத்தூருக்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டான்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கம்போலக் கூப்பிட்டாய். "முள் எங்கம்மா நிக்கி?" என்றாய். "நடுவுல" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "ஃபேன் ரெண்டும்?" "ரெண்டும் ஓடுது." "நல்லதும்மா" என்றாய். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பொங்கலுக்குள் எங்காவது ஒரு என்ஜின் கிடைத்துவிடும், கிடைத்துவிட்டால் சொன்னது பொய்யாகாது என்று நினைத்துக்கொண்டு நாளைக் கடத்தினேன். நேற்றுச் சுடலைமுத்து, கழற்றிப் போட்ட சாமான்களை எடுத்துக்கொண்டு போக வந்தான். "தம்பி இனி என்ன செய்யச் சொல்லுதாவ?" என்று கேட்டான். அவனுக்குத் தெரியாது, சொல்லிவிடாதே என்றேன். அவன் முழித்தான். "அன்னைக்கே போட்டோ எடுத்து அனுப்பிட்டனேம்மா. தம்பி போன் பண்ணி அரைமணி நேரம் பேசுச்சே. அம்மாகிட்ட நான் கேட்டதாச் சொல்லாதண்ணே, அவங்களே சொல்லட்டும்னுல்லா சொல்லுச்சு. அய்யோ, நாந்தான் ஒளறிட்டனா?"

அப்படியானால் மூன்று ஞாயிறும் உனக்குத் தெரிந்தே கேட்டிருக்கிறாய். நான் நடுவில் என்று சொன்னபோது, உன் கையில் அந்த நாரின் படம் இருந்திருக்கிறது. ஆயிரம் குரல்களைக் காதில் வாங்கிய எனக்கு, பெற்ற பிள்ளையின் குரலில் அது பிடிபடவில்லை. இப்போது யோசித்தால் தெரிகிறது. ஒரு வயரைப் பற்றிச் சொன்னால் பத்துக் கேள்வி கேட்கிறவன் நீ. அந்த மூன்று நாளும் நல்லதும்மா என்பதோடு நிறுத்திக்கொண்டாய். எனக்குக் கோபம் வர வேண்டும். உன்மேல் வரவில்லை, என்மேலும் வரவில்லை, எங்கே கொண்டுபோய் வைப்பதென்றே தெரியவில்லை. இரவு முழுக்க இதைத்தான் நினைத்தேன். அம்மா பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்துப் பேசாமல் இருக்கிறாயா? அல்லது எல்லாம் முடிவாகிவிட்டது, இனி எதற்குச் சண்டை என்று பேசாமல் இருக்கிறாயா? போன வாரம் மருமகள் ஓர் அறையின் படம் அனுப்பினாள். புதிதாக வண்ணம் அடித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பி வைத்து, ஜன்னலுக்கு நீலத் திரை போட்டிருந்தது. 'எப்படி இருக்கு அத்தை?' என்று கேட்டிருந்தாள். அழகாக இருக்கிறது என்று பதில் போட்டேன். யாருக்கு என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் இது உன் கையில் கிடைத்துவிடும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பப் போகிறேன். வண்டி ஓடாது. ஜங்ஷனுக்கு ஆட்டோவில்தான் வருவேன். பேச்சுப்படி நான் தோற்றுவிட்டேன், அதில் எனக்குத் தகராறு இல்லை. தோற்றவள் பெட்டியைக் கட்ட வேண்டும். இன்று காலை பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தேன். அதில் எதை வைப்பது என்று தெரியாமல் திறந்தபடி கட்டிலின் மேல் கிடக்கிறது. உள்ளே ஒரு துண்டுகூட வைக்கவில்லை.

ஆகவே கேட்கிறேன். உன் அப்பாவிடம்கூட நான் எதையும் கேட்டு வாங்கியவள் இல்லை. வேண்டியதை நானே செய்துகொள்வேன், இல்லையென்றால் வேண்டாம் என்று இருந்துவிடுவேன். இப்போது இரண்டும் முடியவில்லை. என்னை இங்கேயே இருக்க விடு. காரணம் என்ன என்று கேட்பாய். சிலவற்றை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் நீ ஒரு பதில் வைத்திருப்பாய், அந்தப் பதில்கள் எல்லாம் சரியாகவும் இருக்கும். விழுந்தால் யார் தூக்குவார்கள் என்பாய், எனக்குத் தெரியாது. கிணற்று மோட்டார் இன்னும் ஓடவில்லை. காரணம் ஒன்றும் இல்லாமல்தான் கேட்கிறேன். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை. இப்படித்தான் கேட்பதா என்றும் தெரியவில்லை.

உன் அம்மா